இரண்டாவது பதிவு

பூங்காவனத்துக்கு வரவேண்டிய சிறுநீரகம் வேறொருவருக்குப் போய்விட்டது. சென்னையிலிருந்து போட்ட மெயில் திரும்பிவிட்டது என்று காரணம் சொன்னார்கள். இன்னொரு முறை திரும்பினால் பட்டியலிலிருந்தே பெயரை எடுத்துவிடுவார்களாம். அதை விசாரிக்கத்தான் அவள் ஓசூர் பெயர் மையத்துக்கு நேரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டாள்.

"ஒவ்வொரு தடவையும் எல்லாம் சரியா இருக்குதுன்னு எழுதி அனுப்பிடறீங்க. சரியா இருக்கிற மெயிலு எதுக்கு சார் திரும்பிப் போவுது?"

மையத்தில் பழுது பார்க்கும் தீர்த்தகிரி அவள் பெயரைத் திரையில் தட்டினான்.

குழந்தைக்குப் பெயர் வைத்த கையோடு அதை இணையத்திலும் ஊன்றிவிடும் வழக்கம் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வரி இருக்கும். இவருக்கு வருவதை இன்ன இடத்தில் வாங்கிக்கொள்வார்கள் என்று சொல்லும் வரி. மையத்துக்காரர்கள் அதை எம்எக்ஸ் என்பார்கள், மற்றவர்கள் பதிவு என்பார்கள். சம்பளமானாலும் கோர்ட் நோட்டீசானாலும் தாய்மாமன் விசாரிக்கிற ஃபோனானாலும், முதலில் அந்த வரியைக் கேட்டுவிட்டுத்தான் புறப்படும். வரி சரியாக இருந்தால் ஆள் கிடைப்பார். தப்பாக இருந்தால், பக்கத்துத் தெருவில் உட்கார்ந்திருந்தாலும் கிடைக்க மாட்டார்.

பூங்காவனத்தின் வரி சரியாகத்தான் இருந்தது. சூளகிரி வட்டத்து சர்வரைக் காட்டியது. தீர்த்தகிரி தன் மேசையிலிருந்து ஒரு மெயில் போட்டான். அவள் மடியிலிருந்த ஃபோன் அதிர்ந்தது.

"வருதுல்ல. எழுதி மூடு கிரி, சாப்பாட்டு நேரம்," என்றான் பக்கத்து மேசை முபாரக்.

"நீங்க போய்ச் சாப்ட்டு வாங்க தம்பி," என்று அவனிடம் சொன்னாள் பூங்காவனம். "எனக்கு உப்பும் ஆவாது, தண்ணியும் ஆவாது. நான் இங்கயே குந்தினு இருக்கறேன்."

முபாரக் டப்பாவைத் திறக்காமல் வைத்துவிட்டான்.

அவளுக்கு நாற்பதை ஒட்டிய வயது. ரோஜாப் பசுமைக்குடிலில் பூ அடுக்கும் வேலை. டயாலிசிஸ் ஊசிக்காகச் சேர்த்துத் தைத்த நரம்பு இடது கையில் கயிறு போல் புடைத்திருந்தது. அந்தக் கையை யாருடைய குழந்தையையோ பார்த்துக்கொள்வதுபோல மடியில் வைத்திருந்தாள்.

"உங்களுக்கு யார் யாரோட மெயில் எல்லாம் வருது?" என்று தீர்த்தகிரி கேட்டான்.

"ரேஷன் கடை. குடில் சம்பளம். சீட்டுக்காரி. அவளோடது மட்டும் தப்பாம வரும்."

"வெளியூர்ல இருந்து?"

அவள் யோசித்தாள். "வெளியூர்ல எனக்கு யாரு சார் இருக்காங்க? இந்த ஆஸ்பத்திரிதான்."

அப்போதுதான் அவனுக்குப் பொறிதட்டியது. "நாங்க உள்ளேயிருந்து பார்க்கறோம். உள்ளூர்ப் பேரைக் கேட்டா எங்க சர்வர் யாரையும் விசாரிக்காது, தானே பதில் சொல்லிடும். வெளியூர் சர்வர் எங்களைக் கேக்காது. தலைமைப் பதிவகத்தைக் கேக்கும். அங்க என்ன சொல்றாங்கன்னு இங்கிருந்து தெரியாது."

"எட்டிப் பார்க்க முடியாதா?"

"முடியாது. மண்டலச் சட்டம். வெளியில நின்னுதான் கேக்கணும்."

"வெளியிலன்னா?"

"அத்திப்பள்ளி."

முபாரக் சிரித்தான். "ஒரு புகாருக்கு ஸ்டேட் தாண்டறியா?"

"பைக்குல பெட்ரோலு இருக்குதா?" என்று கேட்டுக்கொண்டே பூங்காவனம் எழுந்தாள்.

ஜூஜூவாடி சோதனைச் சாவடியைத் தாண்டி, கன்னடப் பலகைகள் தொடங்கும் இடத்தில் ஒரு டீக்கடை. தீர்த்தகிரி அங்கே வண்டியை நிறுத்தினான். ஃபோன் அந்தப் பக்கத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்ளும்வரை காத்திருந்தார்கள். அவள் அவனுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்தாள். தனக்கு ஒரு ஐஸ் துண்டு கேட்டு வாங்கி வாயில் அடக்கிக்கொண்டாள்.

அவன் ஃபோனில் அவள் பெயரைத் தட்டிக் கேட்டான். வெளியூர்க்காரனுக்குச் சொல்கிற பதில் வந்தது.

இப்பெயரில் அஞ்சல் ஏற்கப்படாது.

"இது எப்ப சார் வரும்?"

"யாராவது இறந்தா கருமாதியன்னிக்குக் கதவடைப்போமே. அதுக்கு வர்ற பதில்."

அந்த வழக்கமும் வந்து வெகுநாளாகிவிட்டது. இறந்தவர் பெயருக்கு மெயில் வந்துகொண்டே இருந்தால் வீட்டில் இருப்பவர்கள் தாங்க மாட்டார்கள் என்று கொண்டுவந்தது. கருமாதியன்று சடங்கு முடிந்ததும் நெருங்கிய உறவு ஒருவர் ஃபோனில் கட்டைவிரலை வைத்து அந்தப் பெயரை மூடுவார். கணவனுக்கு மனைவி, மனைவிக்குக் கணவன். சுற்றி நிற்பவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் இருப்பார்கள். பிறகு இலை போடுவார்கள்.

"அது எங்க வூட்டுக்காரருக்கு நான் பண்ணதாச்சே," என்றாள் பூங்காவனம். "எனக்கு யாரு பண்ணாங்க?"

"தெரியலை. இந்த ஃபோனே தப்பாக் காட்டுதோ என்னவோ. நல்லா இருக்கிற ஒரு பேரைப் போட்டு ஒப்பிட்டுப் பார்க்கணும்."

"உங்க பேரைப் போடுங்க. நீங்க நல்லாத்தான இருக்கறீங்க?"

போட்டான்.

இப்பெயரில் அஞ்சல் ஏற்கப்படாது.

எழுத்துப்பிழையாக இருக்கும் என்று இன்னொரு முறை போட்டான். அதே பதில். டீ ஆறியது. லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெங்களூர்ப் பக்கம் போயின.

அவள் திரையைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள். "உங்க வூட்ல யாரு சார்?"

"மனைவி. போன மாசியில. தலையில ரத்தக் குழாய் வெடிச்சிருச்சு."

"சின்னப் பொண்ணா இருந்திருக்குமே."

"ம்."

"அன்னிக்குக் கைநாட்டு வெச்சது நீங்கதானா?"

"நான்தான்."

சொல்லும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது. கல்யாணத்தன்று மணமக்களின் இரண்டு பெயர்களையும் ஒரே வீட்டுப் பெயரின் கீழே சேர்த்துக் கட்டுவார்கள். தாலி கட்டியதும் அதைச் செய்யாவிட்டால் மாமியார்கள் கோபித்துக்கொள்வார்கள். கதவடைக்கும்போது திரையில் முதலில் வருவது அந்த வீட்டுப் பெயர். அதைத் தள்ளிவிட்டுக் கீழே போய் இறந்தவர் பெயரை மட்டும் தொடவேண்டும். ஈரத் துண்டோடு நிற்கிற மனிதன் எங்கே கீழே போவான்? முதலில் வந்ததை அமுக்கியிருக்கிறான். உள்ளூர் சர்வர் ஆளை நேரில் அறிந்ததுபோலப் பழைய பதிலையே சொல்லிக்கொண்டிருந்தது. வெளியே மட்டும் மொத்த வீடும் மூடிக்கிடந்தது. அவள் வீட்டிலும் இதுவேதான் நடந்திருந்தது; அவளிடம் சொன்னான்.

"இந்தத் தப்பு பண்றதுக்குப் புருஷனையோ பொண்டாட்டியையோ பறிகுடுத்திருக்கணும்," என்றாள் பூங்காவனம். "கல்யாணமே ஆவாத ஆபீசருங்களுக்கு எங்க தெரியப் போவுது."

அவன் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பெங்களூரில் இருக்கும், மனைவி மாதேஸ்வரியின் தம்பி சென்றாயனை நினைத்துக்கொண்டிருந்தான். அவனோடு இருக்கும் மாமியாரை. புனேயில் இருக்கும் கல்லூரிக் கூட்டாளிகளை. ஒரு வருடமாக ஒருவரிடமிருந்தும் ஒரு சொல் வரவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தாமதமாகக் கூட்டிப்போனான் என்று அவர்கள் நினைப்பதாக அவன் நினைத்துக்கொண்டான். நினைக்கட்டும் என்று விட்டுவிட்டான். அவனும் யாருக்கும் எழுதவில்லை. எழுதியிருந்தால் பதில் வராததாவது தெரிந்திருக்கும்.

எல்லாரும் எழுதியிருக்கலாம். எழுதி எழுதித் திரும்பியிருக்கலாம்.

ஆறிய டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தான்.

"வாங்க போலாம்," என்றாள் அவள். "காரணம் தெரிஞ்சுபோச்சுல்ல. முதல்ல என்னுதைத் திறங்க."

மையத்துக்குத் திரும்பியதும் விளக்கினான். மூடிய வீட்டைத் திறந்தால் இரண்டு பேருக்குமாகத்தான் திறக்கும். பிறகு இறந்தவரை மட்டும் தனியாக மூடவேண்டும்.

"மறுபடியும் அவரை அடைக்கணுமா?"

"ஆமா."

"குடுங்க இப்படி. இருந்தப்பவும் அந்த மனுசன் ஒரு கதவை ஒழுங்கா சாத்தினதில்ல."

முபாரக் சிரித்தான். அவளும் சிரித்தாள். ஆனால் திரையில் கணவன் பெயர் பச்சையாக எழுந்தபோது கட்டைவிரல் அப்படியே நின்றது. உதடு மட்டும் அந்தப் பெயரைச் சொன்னது. அமுக்கினாள். புடவைத் தலைப்பில் ஃபோனைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அதோடு முடியவில்லை. மூடிய பெயரை வெளியூர் சர்வர்கள் ஒரு மண்டல காலம், நாற்பத்தெட்டு நாள், நினைவில் வைத்திருக்கும். யாரும் கேட்டுக் கேட்டு நோகக் கூடாதென்று அப்படி ஓர் ஏற்பாடு. அதற்குள் இன்னொரு சிறுநீரகம் வந்தால் அதுவும் போய்விடும். தீர்த்தகிரி சென்னை ஆஸ்பத்திரியின் சர்வர் அறையைக் கூப்பிட்டு, அந்த ஒரு விடையை மட்டும் இப்போதே மறந்துவிடச் சொன்னான். எடுத்தது ஒரு பெண் குரல்.

"மறந்தாச்சு சார். இப்போ திறந்திருக்குன்னு காட்டுது. அவங்களோட இரண்டாவது பதிவு யாரு?"

"என்ன இருக்கு அதுல?"

"அவங்க கணவர். அது மூடியிருக்கு. முதல் பதிவு எடுக்கலைன்னா யாருக்கு அனுப்பறது? இரண்டாவது இல்லாம பட்டியல்ல திரும்ப ஏத்த முடியாது சார்."

தீர்த்தகிரி ஃபோனைக் கையால் மூடிக்கொண்டு பூங்காவனத்திடம் கேட்டான்.

"ஒரு தங்கச்சி இருக்கா. பேச்சு வார்த்தை இல்ல. கிணத்துப் பங்குல தகராறு."

"என் பேரைப் போடலாம்," என்றான் முபாரக். "ஆனா அத்தா, அம்மா, பொண்டாட்டி, ரெண்டு தங்கச்சி. அஞ்சு பேருக்கு நான்தான் இரண்டாவது. அதுக்கு மேல விடாது."

தீர்த்தகிரி யாருக்கும் இரண்டாவதாக இல்லை. ஒரே ஒருத்திக்கு இருந்தான்.

"உங்க பேரைச் சொல்லுங்க தம்பி," என்றாள் பூங்காவனம். சார் போய்த் தம்பி வந்ததை அவன் கவனித்தான்.

"என் பேரு மூடியிருக்குக்கா."

"திறங்க."

முபாரக் நிமிர்ந்து பார்த்தான். "உன் பேரு மூடியிருக்கா? தினமும் நான் போடற மீம்ஸ் எல்லாம் வருதுல்ல?"

"அது வருது. அதை மட்டும்தான் பார்த்துட்டிருந்தேன்."

"சார், லைன்ல இருக்கீங்களா?" என்றது ஃபோன்.

திறப்பது சுலபமாக இருந்தது. திரையில் இரண்டு பச்சை வரிகள் எழுந்தன. தீர்த்தகிரி. மாதேஸ்வரி. ஒன்றன்கீழ் ஒன்றாக, கல்யாணத்தன்று கட்டியது மாதிரியே. இப்போது உலகத்தில் யார் எங்கிருந்து கேட்டாலும் அவள் இருக்கிறாள் என்றுதான் பதில் வரும். ஓசூரில், இன்ன சர்வரில், எழுதுங்கள், வாங்கிக்கொள்வாள்.

இரண்டாவது வரியின் எதிரே மூடு என்றிருந்தது. மூடாமல் விட்டால் என்ன என்று நினைத்தான். இறந்தவரைத் தனியாக மூடும்வரை வீடு பாதித் திறப்பாகத்தான் கணக்கில் நிற்கும். பாதித் திறப்பில் நிற்கிற பெயரைச் சென்னை ஏற்காது.

"சார்?"

போன முறை அவன் எதையும் படிக்கவில்லை. இந்த முறை அவள் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தான். படித்துவிட்டு அமுக்கினான்.

"இருக்கேன்," என்று ஃபோனில் சொன்னான். "என் பேரை எழுதிக்குங்க. தீர்த்தகிரி."

அதன்பின் அவன் காத்திருந்தான் என்றுதான் சொல்லவேண்டும். அவனே அதை ஒப்புக்கொள்ள மாட்டான். காலையில் பல் துலக்கிக்கொண்டே ஃபோனைப் பார்ப்பான். பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் மெஸ்ஸில் சாப்பாடு வரும்வரை பார்ப்பான். முபாரக்கின் மீம்ஸ் வரும், மின்வாரியம் வரும், எல்லாம் உள்ளூர். பூங்காவனம் வாரத்துக்கு ஒருமுறை போடுவாள். இன்னிக்கு மிஷினுல நாலு மணி நேரம், உயிரோடதான் இருக்கறேன் தம்பி, என்பாள். அவனும் நானும்தான் அக்கா என்று பதில் போடுவான்.

வெளியூர் சர்வர்கள் இன்னும் மறந்திருக்காது என்று சொல்லிக்கொண்டான். சென்னை ஒன்றைத் தவிர வேறெதையும் அவன் மறக்கச் சொல்லவில்லை. ஒரு மண்டலம் போகட்டும். திரும்பித் திரும்பி அலுத்தவர்கள் மறுபடி முயற்சி பண்ண நாளாகும்.

மண்டலம் முடிந்தது. அதற்குப் பிறகு அந்தக் காரணமும் இல்லை.

ஒருவரும் எழுதவில்லை. இப்போது பெயர் திறந்திருந்தது, வரி சரியாக இருந்தது, அத்திப்பள்ளிக்கே தனியாகப் போய் நின்று கேட்டுப் பார்த்தும்விட்டான். சரியான பதில் வந்தது. மெயில் மட்டும் வரவில்லை. பழுது பார்க்கும் வேலையில் இருப்பவர்கள் வெறுக்கும் இடம் அது. எல்லாம் சரியாக இருக்கும், ஒன்றும் நடக்காது. மூடியிருந்த காலத்திலாவது யாரோ தட்டியிருக்கலாம் என்று நினைக்க முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் குக்கரை இறக்கும்போது ஃபோன் அதிர்ந்தது. அனுப்பியவர் இடத்தில் சென்னை என்றிருந்தது. வெளியூரிலிருந்து அவனுக்கு வந்த முதல் மெயில் அதுதான். அதுவும் அவனுக்கு வந்ததல்ல.

பூங்காவனம் அவர்களின் முதல் பதிவு பதிலளிக்கவில்லை. இரண்டாவது பதிவான தாங்கள் அவர் சார்பில் ஒரு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும். பொருத்தமான சிறுநீரகம் கிடைத்துள்ளது. ஏற்கிறீர்களா?

அவளைக் கூப்பிட்டான். போகவில்லை. சூளகிரிப் பக்கம் காலையிலிருந்து அடித்த மழையில் மின்சாரம் போய், அந்த வட்டத்து சர்வரே படுத்துக் கிடந்தது. ஏற்கிறோம் என்று எழுதி அனுப்பினான். சோற்றை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தான்.

பசுமைக்குடிலின் கூரை ஒரு பக்கம் கிழிந்து தொங்கியது. பூங்காவனம் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் சாய்ந்த ரோஜாச் செடிகளை ஒற்றைக் கையால் நிமிர்த்திக்கொண்டிருந்தாள்.

"கிட்னி வந்திருக்குக்கா."

"யாருக்கு?"

"உங்களுக்குத்தான். கிளம்புங்க."

"எனக்கு ஒண்ணும் வரலியே."

"எனக்கு வந்துச்சு."

அவள் கையைப் பாவாடையில் துடைத்தாள். "நீங்க என்னான்னு போட்டீங்க?"

"ஏத்துக்கறோம்னு."

"கேக்காமயேவா?"

"கேக்க வழியில்ல."

"பயமா இருக்குது தம்பி," என்றாள். அதை அவள் வாயிலிருந்து அவன் அப்போதுதான் கேட்டான். "மிஷினு பழகிப்போச்சு. இது பழகாதது."

"கார் சொல்லியிருக்கேன்," என்றான். "வேலூர் தாண்டற வரைக்கும் பயப்படுங்க. அப்புறம் தூங்கிடுங்க."

"நல்லா சொல்றீங்க ஆறுதலு," என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினாள்.

அவள் தூங்கவில்லை. காவேரிப்பாக்கம் வரை சீட்டுக்காரியைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாள். பிறகு இடது கையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் அவளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். திரும்பிப் பார்த்து ஏதோ சொன்னாள். கதவு சாத்திக்கொண்டதால் அது கேட்கவில்லை.

மேசையில் இருந்த பெண் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள். "பேஷன்ட்டுக்கு நீங்க என்ன வேணும்?"

"இரண்டாவது பதிவு."

அண்ணன், மகன் என்று சொன்னால் எப்படித் தட்டுவாளோ அப்படித் தட்டிக்கொண்டாள். "ஒரு யூனிட் ரத்தம் திருப்பித் தரணும். தருவீங்களா?"

"தர்றேன்."

"பேரு சொல்லுங்க." தட்டினாள். "உங்களோட இரண்டாவது காலியா இருக்கே சார். எடுக்கறப்போ மயக்கம் போட்டு விழுந்தீங்கன்னா யாரைக் கூப்பிடறது?"

அவனுக்கு முதலில் சென்றாயன் பெயர் வந்தது. சென்றாயன் ஃபோனை எடுக்கலாம். எடுக்காமலும் போகலாம்.

"உள்ள இருக்காங்க," என்றான்.

"யாரு?"

"இப்போ கூட்டிட்டுப் போனீங்களே. அவங்கதான்."

அந்தப் பெண் முதல்முறையாக நிமிர்ந்தாள். அவன் விளையாடுகிறானா என்று பார்த்தாள்.

"அவங்க கண் முழிச்சு, சரின்னு சொன்னாத்தான் சார் எழுத முடியும்."

"முழிக்கட்டும்."

"அதுவரைக்கும்?"

"அந்த இடம் அப்படியே இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டுத் தீர்த்தகிரி சட்டைக் கையை மேலே மடித்தான்.